மாக்ரெட்டை ஓடச் சொன்னவள்

பஸ் நின்றுவிட்டது.

நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை... டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, பீடியும் பற்ற வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்.

டோல்கேட். ஞாயிற்றுக்கிழமை காலை, மணி எட்டே முக்கால். ஒன்பதரைக்குத் திருவொற்றியூர் தேரடிக்கு அந்தாண்டை ஒரு பள்ளிக்கூடத்தில் சர்வீஸ் கமிஷன் பரீட்சை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுகளில், தன் பிளாக்கிலேயே முதல் பி.ஏ.வான பூவம்மா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

"கண்டக்டர், ஏன் நிக்குது?"

"ரேஸும்மா. எர்ணாவூர்லருந்து குதிரை வண்டி வுட்டுகினு வரானுங்க. முடிஞ்சா போலாம்."

"எப்ப முடியும்?"

"குதிரை வந்தா முடியும்."

"குதிரை எப்ப வரும்?"

"அத்த குதிரையாண்டதாம்மா கேக்கணும்."

பஸ்ஸே சிரித்தது. பூவம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷம் தெருவிளக்கில் படித்தாள். அப்பா லட்சுமணன் பேசின் பிரிட்ஜ் லோகோ ஷெட்டில் கரி அள்ளிப் படிக்க வைத்தார். எல்லாம் இந்த ஒரு நாளுக்காக. அந்த நாளிலும் பார்த்து, நாலு தடியன்கள் நாலு குதிரையை அடித்து விரட்டி விளையாட வேண்டுமாம்... ஊரே ஒதுங்கி நின்று வழி விட வேண்டுமாம்!

இறங்கினாள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆம்பிளைகள். லைட் கம்பத்தின்மேல் ஆம்பிளைகள், லாரியின்மேல் ஆம்பிளைகள். வீட்டில் பெண்டாட்டிக்கு ஒரு குடம் தண்ணீர் பிடித்துத் தராத அத்தனை பேரும் இங்கே விடியற்காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், நட்டநடு ரோட்டில் நின்றாள்.

"ஏய்! ஏம்மா! வண்டி வருது!"

வந்தது. முதலில் சத்தம் வந்தது. சைக்கிள்காரர்கள் கூடவே ஓட்டிக்கொண்டு தகரத்தைத் தட்டுகிற சத்தம்... குதிரை பயந்து ஓடட்டும் என்று. அப்புறம் புழுதி. புழுதிக்குள்ளிருந்து ஒரு பழுப்புக் குதிரை, அதன் பின்னால் கூண்டில்லாத ரெண்டு சக்கர வண்டி, வண்டிப் பலகையில் எழுந்து நின்றபடி ஒருத்தன்.

பூவம்மா நகரவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

முகத்தில் சூடாக ஒரு மூச்சு பட்டது. திறந்து பார்த்தால்... ஒரு முழம் தூரத்தில் இரண்டு பெரிய கண்கள். நனைந்த நாவல்பழம் மாதிரி. நீளமான இமை. அதில் கோபமே இல்லை, 'உனக்கு என்ன ஆச்சு?' என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. குதிரையின் வாயிலிருந்து நுரை சொட்டி அவளுடைய ஹால் டிக்கெட்டில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து, பின்னால் வந்த வண்டி ஓரமாக ஒடித்துக்கொண்டு சீறிப் போனது. அதை ஓட்டினவன் சாட்டை நுனியில் கம்பி சுற்றியிருந்தான். கூட்டம் "பாஸ்கல்! பாஸ்கல்!" என்று கத்தியது. பந்தயம் முடிந்தது.

பழுப்புக் குதிரைக்காரன் குதித்து இறங்கினான்.

"இன்னாம்மா... சாவறதுக்கு வேற ரோடு கெடைக்கலியா?"

"உனக்குக் குதிரையைக் கொல்றதுக்கு வேற ரோடு கிடைக்கலியா?"

"நான் கொல்றனா? தொட்டுப் பாரு. இது ஒடம்புல ஒரு தழும்பு கீதா? என் கையில சாட்டை கீதா?"

பார்த்தாள். சாட்டை இல்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சாட்டையைப் பற்றித்தான் நாலு வரி தயாராக வைத்திருந்தாள்.

"சாட்டை இல்லைன்னா? தாரு ரோட்டுல நாலு மைல் விரட்டினா அது கொஞ்சலா?"

"வெரட்டலம்மா. அதுவா ஓடுது."

"அதுவா வந்து வண்டியில பூட்டிக்கிச்சா?"

கூட்டத்திலிருந்து ரெண்டு பேர் கையை முறுக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தார்கள். ஜெயிக்கிற வண்டியைக் கெடுத்தவள் அல்லவா.

"வுடுங்கடா" என்று அவன் குறுக்கே வந்து நின்றான். "தோத்தது நானு. எனக்கே கோவம் வரல, உங்களுக்கு இன்னா பேஜாரு?" அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். "பரீச்சையா? எங்க?"

"தேரடிப் பக்கம். ஒன்பதரைக்கு."

"பஸ்ஸு இப்போ நவுராது. யாரு ஜெயிச்சான்னு ஒரு மணி நேரம் சண்டை போடுவானுங்க... உன் புண்ணியத்துல. ஏறு."

மணியைப் பார்த்தாள். ஒன்பதுக்கு ரெண்டு நிமிஷம். ஓடிப் போனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. இப்போதுதான் திட்டின வண்டியிலேயே ஏறுவதா! வெட்கக்கேடு... ஏறினாள்.

ஏறி, பலகையின் ஓரத்தில், பரீட்சை அட்டையை நடுவில் சுவர் மாதிரி நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நடத்தியே போ. ஓட்டாதே."

"உத்தரவு."

அவன் பெயர் ஜெயவேல். மூலக்கொத்தளத்தில் ஜட்கா ஓட்டுகிறவன். கேட்காமலேயே சொன்னான். பதிலுக்கு அவளும் தன் பெயரையும், அப்பா கரி அள்ளிப் படிக்க வைத்ததையும் சொல்லிவிட்டாள். குதிரைக்குப் பெயர் மாக்ரெட்டு.

"என்ன பேரு அது?"

"கிண்டி ரேஸ்ல ஓடறப்போ லேடி மார்கரெட்டாம். கோட்டு போட்டவனுங்கல்லாம் எழுந்து நின்னு கைதட்டினானுங்களாம். ஒருவாட்டி நரம்பு இழுத்துக்கிச்சு. அந்த வாரமே, இது வேணாம், தள்ளுன்னுட்டான் சொந்தக்காரன். நான் போய் இட்டாந்தேன். வூட்டாண்ட வந்து ஒரு மாசம் எதுவும் துன்ல... ராத்திரியெல்லாம் நின்ன எடத்துலயே காலைத் தூக்கித் தூக்கி வெச்சிக்கினு கெடந்தது."

"நல்லவேளை, கிண்டியையே மூடச் சட்டம் வருதாம்."

"மூடட்டும். அங்க கீற குதிரைங்கோ எங்க போவும்? அத்த எவனாச்சும் சொன்னானா?"

பூவம்மா சட்டென்று திரும்பினாள். "அதைத்தான் நானும் சொல்றேன்! பேப்பர் பூரா படிச்சேன். குடும்பம் அழியுதுங்கிறாங்க, தாலி போகுதுங்கிறாங்க... குதிரைக்கு வலிக்குதுன்னு ஒரு வரி இல்லை."

"அஃது!" என்றான் அவன்.

இருவரும் ஒரே கட்சியில் வந்து நின்றுவிட்டது இருவருக்குமே சங்கடமாக இருந்தது. அவள் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீ... இவனுக்கும் அந்தக் குதிரைக்கும் ஒரே மாதிரிக் கண். இதையெல்லாம் எதற்கு நான் கவனிக்கிறேன்?

காலடிப்பேட்டை. மணி ஒன்பது பதினைந்து. மாக்ரெட் கல்யாணப் பெண் மாதிரி அடி மேல் அடி வைத்துக்கொண்டிருந்தது. பூவம்மா காலால் பலகையைத் தட்டினாள். நகத்தைக் கடித்தாள். மறுபடி மணியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன்!"

"ஓட்டக்கூடாதுன்னியே?"

"இப்ப சொல்றேன், ஓட்டு."

"இப்பதான் நாலு மைலு வந்துகீது. மூச்சு அடங்கட்டும்..."

"ரேசுன்னா ஓடும், எனக்குன்னா மூச்சு வாங்குமா? உன் பந்தயம் பந்தயம், என் பரீட்சை விளையாட்டா?"

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டக்' என்றான். அவ்வளவுதான்.

அப்பா... அது ஓட்டமா! தாரில் நாலு குளம்பும் ஒரே தாளமாக விழ, உப்புக்காற்று முகத்தில் அடிக்க, பின்னல் அவிழ்ந்து பறக்க, காய்கிற மீனும் கம்பெனிப் புகையும் கலந்த நாற்றம்கூட அந்த வேகத்தில் இனித்தது. பூவம்மா சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். பக்கத்தில் அவனும் சிரிப்பது தெரிந்தது.

ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போகிற ரயில் தண்டவாளம் ஒன்று உண்டு. அதன் முன்னால் எந்த லாரியோ எண்ணெய் கொட்டிவிட்டுப் போயிருந்தது.

முன்னங்கால் வழுக்கியது. மாக்ரெட் மண்டி போட்டு விழுந்தது. வண்டி சாய்ந்தது. பூவம்மா மணலில் உருண்டாள். அவளுக்கு ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். குதிரைக்கு முழங்கால் தோல் கிழிந்து வெள்ளையாக உள்ளே தெரிந்தது... அப்புறம் ரத்தம்.

ஜெயவேல் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"நீ போ. மணியாவுது."

"நான்..."

"போம்மா! அதோ தெரியுது பாரு பள்ளிக்கூடம். போய் எழுது!"

ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரீட்சை போயிருக்கும். எழுதினாள். நன்றாகவே எழுதினாள். அதை நினைக்க நினைக்கத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

பத்து நாள் கழித்து, சாயங்காலம். போர்டு வீட்டுப் படிக்கட்டில் வழக்கம்போல் மனு எழுதுகிற கூட்டம். பி.ஏ. படித்த பாவத்துக்கு அந்த வட்டாரத்தில் யாருக்கு ரேஷன் கார்டு காணாமல் போனாலும், யாருக்குக் குழாய் உடைந்தாலும் பூவம்மாதான் எழுதித்தர வேண்டும். அன்றைக்கு மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தாள். பெயர் சொக்கம்மாள்.

"மேஜிஸ்திரேட்டுக்கு ஒரு மனு எழுதும்மா. எம் புள்ள குதிரைய புடிச்சிக்கினு போய் வேப்பேரி மாட்டாஸ்பத்திரில கட்டிட்டாங்கோ."

பூவம்மாவின் பேனா நின்றது.

"ரேஸ் வுட்டானுங்க, வாஸ்தவந்தான். வாணாண்டா, வாணாண்டான்னு தலைதலையா அட்ச்சிக்கினேன். ரேஸ கலைக்கப் போலீசு வந்துச்சு, கூடவே மிருகவதை இன்ஸ்பெட்டரு. மத்த சோமாரிங்கல்லாம் ஓடிப்புட்டானுங்கோ. இவன் மட்டும் தண்டவாளத்தாண்ட அடிபட்ட குதிரைய மடியில வெச்சிக்கினு குந்தியிருந்தானாம். ரேஸ்ல ஓட்டிக் கால ஒடச்சிட்டான்னு கேஸு எழுதிட்டாங்கோ. வெள்ளிக்கெழம தீர்ப்பு. குதிரைய சர்க்காரே எடுத்துக்குமாம்... காலு தேறாத குதிரைய வெச்சிக்கினு சர்க்கார் இன்னா பண்ணும்? சுட்டுப்புடும்."

"ரேஸ்ல விழலைன்னு அவரு சொல்லலையா?"

"அதான் சொல்ல மாட்டேங்கறானே! எவளோ ஒருத்திய ஏத்திக்கினு போனானாம். அவ 'ஓட்டு ஓட்டு'ன்னு பிராணனை வாங்கினாளாம். அவ பேர சொல்லுடான்னா, 'அது சர்க்கார் பரீச்ச எழுதற பொண்ணு, போலீஸ் கேஸ்ல பேரு வந்தா வேலை குடுக்க மாட்டாங்கோ'ங்கறான். என்னாண்ட மட்டும்தான் சொன்னான். யாரு பெத்த மூதேவியோ... அவ நல்லா கீறா, எம் மருமவ மாதிரி வளத்த குதிரை காலு ஒடிஞ்சி கெடக்குது!"

"எழுதறேம்மா" என்றாள் பூவம்மா.

மறுநாளே வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். கேட்டுக்கு வெளியே புல்லுக்கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெயவேல் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் முகத்தில் ஏதோ ஒன்று எரிந்து உடனே அணைந்தது.

"பரீச்சை நல்லா எழுதினியா?"

"உன் தியாகத்தை எவ கேட்டா?"

"இன்னாது?"

"ஏன்யா என் பேரைச் சொல்லலை? நான் என்ன பிச்சை கேட்டனா உன்கிட்ட? தப்பு பண்ணினவ நான். நீ பெரிய தியாகி வேஷம் போட்டுட்டு இங்க தாடி வளத்துக்கினு உக்காந்திருக்கே!"

கோபத்தில் அவள் வாயில் படிப்பெல்லாம் போய்ப் பழைய வியாசர்பாடி வந்துவிட்டது. அதைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது இன்னும் மோசம்.

"சிரிக்காதே! உள்ளே எப்படி இருக்கு அது?"

"எலும்புல ஒன்னியும் இல்ல. புண்ணு ஆறுது. டாக்டரு நல்லவரு. தெனம் ஒருவாட்டி உள்ள வுடுறாரு."

"இனிமே ரேஸ் விடுவியா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத முகம்.

"மாக்ரெட்டுக்கு ஓடப் புடிக்கும் பூவம்மா..."

"பிடிக்கும்னு வந்து சொல்லிச்சா?"

"நீயும்தான் பாத்தியே அன்னிக்கு. அது காதை நிமித்திக்கினு ஓடலை?"

"ஓடப் பிடிச்சா மணல்ல அவுத்து வுடு, ஓடட்டும். பின்னாலே வண்டி எதுக்கு? பக்கத்துல தகரம் எதுக்கு? பாஸ்கல் சாட்டையில கம்பி எதுக்கு? கிண்டியில கோட்டு போட்டவன் கைதட்டினா தப்பு, டோல்கேட்டுல நீங்க கைலி கட்டிக்கினு கைதட்டினா நியாயமா? அவனுக்கு அது பெருமை, உனக்கும் அது பெருமை. குதிரைக்கு என்ன பெருமை? விழுந்தா அதுக்குத்தானே கால் போகுது?"

அவன் புல்லுக்கட்டிலிருந்து ஒரு புல்லை உருவி முறித்தான்.

"நீ கோர்ட்டுக்கு மட்டும் வராதே" என்றான் கடைசியில். "உங்கப்பா கரி அள்ளினது வீணா பூடும்."

"அதை நான் பாத்துக்கறேன்."

"வந்தே... நான் உன்னைப் பாத்ததே இல்லைன்னுடுவேன்."

"சொல்லித்தான் பாரேன்!"

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். லட்சுமணன் கரி ஏறிய விரலால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஜட்காக்காரனுக்காகவா?"

"குதிரைக்காக."

"குதிரைக்காகன்னா நீ ஏன் ரெண்டு நாளா சோறு துன்னல?"

"போவாதே பூவு" என்றார். "இந்த ஒரு வேலைக்குத்தான்..." அவர் சத்தம் போட்டிருந்தால் பூவம்மாவும் சத்தம் போட்டிருப்பாள். அது சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை. கோர்ட்டில் காற்றாடி சுற்றியது, காற்று வரவில்லை. இன்ஸ்பெக்டர் கேஸைப் படித்தார். ஜெயவேல் கூண்டில் நின்று, "ஆமாங்க, ரேஸ்ல தாங்க வுழுந்துச்சு" என்றான்.

"இல்லை!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மேஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரும்மா நீ?"

"அன்னைக்கு அந்த வண்டியில ஏறின சவாரிங்க."

"பொய்யிங்க எஜமான்!" என்று கூண்டிலிருந்து ஜெயவேல் கத்தினான். "இந்தப் பொண்ணை நான் பாத்ததே இல்லீங்க!"

"பூவம்மா" என்று அவள் முன்னால் வந்து குமாஸ்தாவிடம் சொன்னாள். "எழுதிக்குங்க."

"பூவம்மா பொய் சொல்லுதுங்க!" என்றான் ஜெயவேல்.

"பார்த்ததே இல்லைங்கறே, பேரைச் சொல்லிக் கத்தறே" என்றார் மேஜிஸ்திரேட்.

"இப்பதானே அது சொல்லிச்சு..."

"வாயை மூடு. அந்த அம்மா பேசட்டும்."

பூவம்மா சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

"ரேஸ் விட்டது தப்புங்க. தண்டனை குடுங்க, நான் குறுக்கே நிக்கலை. ஆனா குதிரை விழுந்தது ரேஸ்ல இல்லை. என்மேல மோதக்கூடாதுன்னு இவர் ஜெயிக்கிற வண்டியை நிறுத்தினார். அப்புறம் எனக்குப் பரீட்சைக்கு நேரமாச்சுன்னு ஏத்திக்கிட்டார். மூச்சு அடங்கட்டும்னு சொன்னார், நான் கேக்கலை. ஓட்டுன்னேன். ஜீவகாருண்யம் பேசின வாயாலேயே ஓட்டுன்னேன். எண்ணெயில வழுக்கி விழுந்துச்சு. அதை அங்கேயே விட்டுட்டுப் போய் நான் பரீட்சை எழுதினேன்."

இவர், இவர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று பாதியில் உறைத்தது. மாற்றிக்கொள்ள நேரமில்லை.

"சர்க்கார் பரீட்சையா?" என்றார் மேஜிஸ்திரேட். "இதெல்லாம் ரிக்கார்டுல ஏறும். நாளைக்கு உன்னைப் பத்தி விசாரிக்கறப்போ வெளியே வரும். யோசிச்சுத்தான் பேசறியா?"

"யோசிச்சுட்டேங்க. தகப்பனார் பேரு லட்சுமணன். அதையும் சேர்த்து எழுதிக்கச் சொல்லுங்க."

கூண்டில் ஜெயவேல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

தீர்ப்பு வந்தது. ரோட்டில் பந்தயம் விட்டதற்கு ஜெயவேலுக்கு அபராதம். பூவம்மாவுக்குக் கண்டிப்பு, காகிதத்தில். குதிரை ஜெயவேலிடமே இருக்கலாம். மூன்று மாதம் வண்டியில் பூட்டக்கூடாது. பந்தயத்தில் இன்னொரு முறை பார்த்தால் குதிரை அவனுடையது இல்லை.

சாயங்காலம் மாட்டாஸ்பத்திரியிலிருந்து மாக்ரெட்டை வெளியே விட்டார்கள். கால் முட்டியில் பெரிய கட்டு. ஜெயவேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பூவம்மா கேட்காமலேயே குதிரையின் அந்தப் பக்கமாக நடந்தாள். அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. அப்படி ஒரு கோபம்.

யானைகவுனிப் பாலத்தின்மேல் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை. ஓடி ஒதுங்க முடியாது. நொண்டுகிற குதிரையோடு எங்கே ஓடுவது? மூன்று பேரும் நனைந்தபடி நடந்தார்கள். கீழே ரயில் ஒன்று நனைந்துகொண்டே போயிற்று.

"உன்னை யாரு வரச்சொன்னது?" என்றான் அவன்.

"யாரும் சொல்லலை."

"வேலை பூடுச்சே..."

"போகும், போகாது... வந்தா பாத்துக்கலாம். உண்மையைச் சொன்னேன். என்னாலதானே விழுந்துச்சு."

"உன்னால இல்ல."

"மறுபடியும் ஆரம்பிக்காதேய்யா!"

"கேளும்மா!" அவன் நின்றான். குதிரையும் நின்றது. அதன் கழுத்துக்கு மேலாக, கோர்ட்டுக்குப் பிறகு முதல்முறையாக, அவளைப் பார்த்தான். இமையெல்லாம் மழை. "நீ ஓட்டுன்னு சொல்றதுக்கு முன்னாடியே நான் ஓட்டணும்னு முடிவு பண்ணிட்டேன். காலடிப்பேட்டையில. நீ பாட்டுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கடலைப் பாத்துக்கினு இருந்தே... இது ஓடறத ஒருவாட்டி பாத்தா இந்தப் பக்கம் திரும்புவேன்னு நெனைச்சேன். ஒரே ஒருவாட்டி என்னைப் பெருமையா பாப்பேன்னு. மூச்சு அடங்கட்டும்னு வாய்தான் சொல்லிச்சு. கை அப்பவே கயித்தை லூஸ் பண்ணிடுச்சு. நீ சொல்லாட்டியும் ஓட்டியிருப்பேன்."

பூவம்மாவுக்கு எங்கிருந்து ஆரம்பித்துக் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இதற்கா அவள் பத்து நாள் தூங்காமல் கிடந்தாள்... இதற்கா அப்பா நெற்றியைத் தேய்த்தார்!

"இதைக் கோர்ட்டுல சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? 'எஜமான், இந்தப் பொண்ணுக்குக் கண்ணு பெருசா கீது, அதான் ஓட்டிட்டேன்'னா? அத்தையும் அந்தக் குமாஸ்தா எழுதிப்பானே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும். எது எது என்று தெரியாமல் மழை காப்பாற்றியது.

"சிரிச்சே" என்றான் அவன்.

"சிரிக்கலை. எனக்கு உன்மேல இருக்கிற கோவம் கொஞ்சங்கூட அடங்கலை."

"தெரியுது."

"அடங்கவும் அடங்காது. நீ ரேசைப் பத்தி நினைச்சாலே வரும். நினைக்காட்டியும் வரும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. சொல்லிவிடு, சொல்லிவிடு... "காலம்பூரா வரும். பக்கத்துலேயே இருந்து திட்டிக்கிட்டே இருப்பேன். அப்படி ஒருத்தி உன் வீட்டுல இருந்தா பரவாயில்லையா உனக்கு?"

ஜெயவேல் கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். மறுபடி மாற்றினான்.

"உங்கப்பா...?"

"அவர்கிட்ட நான் பேசறேன்."

"எங்கம்மா உன்னை மூதேவின்னு..."

"என் முன்னாலேயே சொன்னாங்க. நீ இதுக்குப் பதில் சொல்லு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், மழையைத் துடைப்பவன் மாதிரி.

"இப்பவே ஆரம்பி" என்றான். "திட்டு."

பூவம்மா குதிரையைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கம் வந்தாள்.

"நின்னு பேசிக்கிட்டே இருக்கியே, அது முதுகு நனையுது கண்ணு தெரியலை? தோள்ல இருக்கிற துண்டை எடுத்து முதல்ல அதுமேல போடு."

போட்டான்.